பிடிலும் வேண்டும், புத்தகமும் வேண்டும்



பிள்ளை நான்காம் படிவத்துக்குப் போனதும் பல வீடுகளில் ஒரு தீர்ப்பு எழுதப்படுகிறது. கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசித்த பையனிடம், "போதும் இந்த ஆட்டம், எஸ்.பி.எம். முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்கிறோம். பிடில் கற்ற பெண்ணின் பிடில் அலமாரி மேலே ஏறிவிடுகிறது. பரீட்சை முடிகிறது, பிறகு கல்லூரி, பிறகு வேலை, பிறகு கலியாணம். அந்தப் "பிறகு" மட்டும் வருவதே இல்லை! பிடிலின் நரம்பு அறுந்து, வில்லின் மயிர் பூச்சி அரித்து, கடைசியில் அது வீடு மாறும்போது தொலைந்து போகிறது.

பெற்றோரைக் குறை சொல்லி என்ன பயன்? காலையில் இருட்டோடு எழுந்து வேலைக்காட்டுக்குப் போகிறவர்களுக்குப் பிள்ளையின் படிப்புதான் ஒரே பிடிமானம். தங்காக்கைச் சுற்றியுள்ள தோட்டமானாலும் சரி, பட்டணத்துத் தாமான் வீடானாலும் சரி, "நான் பட்ட பாடு என் பிள்ளை படக்கூடாது" என்ற நினைப்பு ஒன்றுதான். அந்த நினைப்பில் பிழை இல்லை. ஆனால் படிப்பா, இசையா என்று ஒன்றை வெட்டித்தான் மற்றொன்றை வளர்க்க வேண்டுமா? இந்த இதழில் அதைத்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். அதற்குத் துணையாக ஒரு தமிழரின் கதையைச் சொல்கிறேன். பிடில் வாசிக்கும் டாக்டரின் கதை அது.

யாழ்ப்பாணத்து வீடு

எல். சுப்பிரமணியம் 1947ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் சென்னையில் பிறந்தவர். சிறு பிராயம் கழிந்தது யாழ்ப்பாணத்தில். தந்தை வி. லட்சுமிநாராயணா அங்கே இசை ஆசிரியர். பிடில் அவர் கைக்கருவி. தாய் சீதாலட்சுமியும் இசை அறிந்தவர். அண்ணன் வைத்தியநாதன், தம்பி சங்கர், எல்லாரும் அந்த வீட்டில் பிடில் பிள்ளைகள்தாம். ஐந்து வயதுக்கு முன்பே பாடம் தொடங்கிவிட்டது. ஆறு வயதில் சுப்பிரமணியம் மேடை ஏறிவிட்டார்.

அப்பொழுது 1958ஆம் ஆண்டு வந்தது. இலங்கையில் இனக்கலவரம் மூண்டது. தமிழர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய காலம். லட்சுமிநாராயணாவின் குடும்பமும் ஊரை விட்டுச் சென்னைக்கு வந்து சேர்ந்தது. வேலை போயிற்று, வீடு போயிற்று, பழகிய ஊர் போயிற்று.

இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். நமக்கும் இது புதிய கதையா? ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடல் வந்தபோது எத்தனை குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு வெளியே வந்தன! பிற்காலத்தில் தோட்டங்கள் வீட்டு நிலமாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியபோது எத்தனை லயங்கள் இடிந்தன! கோயில் ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம், பஜனைக் குழு ஒரு பக்கம் என்று சிதறியதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். லயத்து வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வாசலில் நட்ட முருங்கையை எடுத்துப்போக முடியாது. மனிதனோடு கூடவே வருவது இரண்டே இரண்டு: தலைக்குள் இருப்பதும் கைக்குள் இருப்பதும்.

லட்சுமிநாராயணா தம் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தது இந்த இரண்டையும்தான். ஆகவேதான் அந்தக் குடும்பம் சென்னையில் மறுபடி எழுந்து நின்றது. மூன்று சகோதரர்களும் சேர்ந்து வாசித்த பிடில் கச்சேரி பெயர் பெற்றது. மூத்தவர் எல். வைத்தியநாதன் திரையிசைக்குப் போனார். "ஏழாவது மனிதன்" படத்துக்கும், "மால்குடி டேஸ்" தொலைக்காட்சித் தொடருக்கும் இசையமைத்தவர் அவரே. இளையவர் எல். சங்கர், ஜான் மெக்லாலின் என்னும் கித்தார் கலைஞரோடு "சக்தி" குழுவில் வாசித்து மேல்நாட்டாரை வியக்க வைத்தார்.

ஊசியும் வில்லும்

நடுவிலே உள்ள சுப்பிரமணியம் என்ன செய்தார்? சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். எம்.பி.பி.எஸ். படித்து முடித்தார். டாக்டராகப் பதிவும் செய்துகொண்டார்.

மருத்துவப் படிப்பு விளையாட்டல்ல என்பது நமக்குத் தெரியும். பகலில் வகுப்பு, வார்டு, நோயாளிகள். இரவில் கனத்த புத்தகங்கள். அத்தனைக்கும் நடுவே அவர் வில்லைக் கீழே வைக்கவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர் போன்ற பெரிய வித்துவான்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். "ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்" என்று நாம் பழமொழி சொல்வோம். அவருக்கு அது இரண்டு கால்களாலும் நடப்பதாக இருந்தது.

பிறகு இசையே வாழ்க்கை என்று முடிவு செய்தார். 1970களில் அமெரிக்கா சென்றார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. கலிபோர்னியா கலைக்கழகத்தில் மேற்கத்திய இசையில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1974இல் பண்டிட் ரவிசங்கர் தலைமையில் சென்ற இசைக்குழுவில் வாசித்தார். யூதி மெனுகின், ஸ்டெபான் கிராப்பெல்லி போன்ற மேல்நாட்டுப் பிடில் மேதைகள் அவரோடு சேர்ந்து வாசித்தனர். 1985இல் அவர் எழுதிய இசைப்படைப்பை, சுபின் மேத்தா நடத்த, நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. "சலாம் பாம்பே" (1988) படத்துக்கு இசை தந்தவரும் அவரே.

1992இல் தந்தையின் நினைவாக லட்சுமிநாராயணா உலக இசை விழாவைத் தொடங்கினார். முதல் மனைவி விஜி 1995இல் காலமானார். பிள்ளைகளோடு நின்ற அவர், 1999இல் பாடகி கவிதா கிருஷ்ணமூர்த்தியை மணந்தார். இருவரும் சேர்ந்து 2007இல் பெங்களூரில் ஓர் இசைப்பள்ளி தொடங்கினர். சாதாரணப் பள்ளிக்கூடங்களுக்குள்ளும் இசைப் பாடத்தைக் கொண்டு போவது அதன் வேலைகளில் ஒன்று. மகள் பிந்து சட்டம் படித்துவிட்டுப் பாடகியாகவும் ஆசிரியையாகவும் விளங்குகிறார். மகன் அம்பி பிடில் கலைஞர். 2017இல், எழுபது வயதில், சுப்பிரமணியம் முனைவர் பட்டம் வாங்கினார்! 2025இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அறிவித்தது.

டாக்டர் படிப்பு வீண்தானே என்று கேட்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கையில் ஒரு தொழில் இருந்தவருக்கு இசைத்துறையில் எவர் காலையும் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. இசை தோற்றாலும் அடுப்பு எரியும் என்ற துணிவோடு அவர் இறங்கினார். நம் பிள்ளைக்கும் அந்தத் துணிவு வேண்டுமானால் சான்றிதழும் வேண்டும். ஆகவே, "எனக்குப் பாட்டு இருக்கிறது, படிப்பு எதற்கு?" என்று சொல்லும் பிள்ளைக்கும் இக்கதையில் பாடம் உண்டு. சீர்காழி கோவிந்தராஜனின் மகன் சிவசிதம்பரத்தை உங்களுக்குத் தெரியும். தந்தையின் கணீரென்ற குரலை மேடையில் வைத்திருப்பவர். அவரும் மருத்துவர்தாம்!

ஜப்பான் நாட்டு அக்காளும் தம்பியும்

பிடில் என்றதும் இன்று உலகம் ஜப்பானையும் நினைக்கிறது. அங்கே சினிச்சி சுசுகி (1898-1998) என்று ஓர் ஆசிரியர் இருந்தார். ஜப்பானியப் பிள்ளைகள் எல்லாரும் ஜப்பானிய மொழியைத் தப்பின்றிப் பேசுகிறார்களே, அதைப்போல இசையையும் எந்தப் பிள்ளைக்கும் கற்றுத் தரலாமே என்று அவர் யோசித்தார். தாய்மொழியைப் பிள்ளை எப்படிக் கற்கிறது? நாள்தோறும் கேட்டு, திரும்பச் சொல்லி, தாய் மகிழ்ந்து தட்டிக்கொடுக்க, மறுபடி சொல்லி. அந்த வழியிலேயே பிடிலையும் கற்பித்தார். தாயையோ தந்தையையோ பிள்ளையோடு பாடத்தில் உட்கார வைத்தார். அந்த முறை உலகெங்கும் பரவியது.

ஜப்பானின் ஒசாக்காவில் 1971இல் பிறந்த மிடோரி என்ற பெண், பதினொரு வயதிலேயே, 1982இல், நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடு வாசித்தார். தாயே அவருக்குக் குரு. 1986இல், பதினான்கு வயதில், அமெரிக்காவில் டாங்கிள்வுட் என்னும் இடத்தில் நடந்த கச்சேரியில் அவர் பிடிலின் தந்தி அறுந்தது. பக்கத்தில் இருந்த கலைஞரின் பிடிலை வாங்கி வாசித்தார். அதிலும் தந்தி அறுந்தது! மூன்றாவது பிடிலை வாங்கி, இசை நிற்காமல் வாசித்து முடித்தார். மறுநாள் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் அவர் படம் வந்தது.

இதைக் கேட்டு, "என் மகளையும் அப்படி ஆக்குகிறேன்" என்று உடனே பிரம்பை எடுத்துவிடாதீர்கள். கதையின் மறுபக்கமும் உண்டு. வளர்ந்த பிறகு மிடோரி மனச்சோர்விலும் உணவுக் கோளாறிலும் சிக்கி மருத்துவமனையில் இருந்ததைத் தம் நூலில் தாமே எழுதியிருக்கிறார். உலகமே கைதட்டிய பிள்ளைக்கு உள்ளுக்குள் அத்தனை வேதனை! அவர் என்ன செய்தார் தெரியுமா? பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தார். 2000இல் இளங்கலையும் 2005இல் முதுகலையும் பெற்றார். 1992லேயே நியூயார்க் நகரப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக இசை கற்பிக்கும் அமைப்பைத் தொடங்கியிருந்தார். பிடிலைத் தாண்டியும் ஒரு வாழ்வு அவருக்குத் தேவைப்பட்டது. அதை அவரே தேடிக்கொண்டார்.

அவர் தம்பி ரியூ கோத்தோ, 1988இல் பிறந்தவர். ஏழு வயதில் ஜப்பானின் சப்போரோ நகரில் அரங்கேறியவர். ஆயினும் அவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து 2011இல் பட்டம் வாங்கினார். கராத்தேயில் கறுப்புப் பட்டை வேறு! அவர் வாசித்த விலைமதிப்பற்ற பழைய இத்தாலியப் பிடில்கூடச் சொந்தமானதன்று. ஜப்பானிய இசை அறக்கட்டளை ஒன்று இரவல் கொடுத்தது. பெரிய கலைஞனே இரவல் பிடிலில் வாசிக்கிறான் என்றால், நம் பிள்ளை இரவல் பிடிலில் பழகுவதில் என்ன வெட்கம்?

மரத்தின் பிள்ளை

பிடில் வெள்ளைக்காரன் பொருள், பணக்காரர் பொருள் என்று எண்ணுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் சென்னைக் கோட்டையில் வெள்ளையர் பட்டாளத்து இசைக்காரர்களிடமிருந்து பிடிலைக் கற்று, நம் இசைக்கு அதைப் பழக்கியவர் பாலுசாமி தீட்சிதர். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்தத்தால் இழைத்த பிடில் ஒன்றைப் பரிசளித்தார். வெள்ளைக்காரன் நின்றுகொண்டு தாடையில் இடுக்கி வாசித்ததை, நாம் தரையில் சம்மணமிட்டு, பிடிலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கக் கற்றோம். கால் சற்று ஆடினாலும் சுருதி போய்விடும். இரவல் வாங்கியதை நம்முடையதாக்கிக் கொண்டோம்.

இன்னொன்று சொல்கிறேன், பால்மரம் சீவிய கைகளுக்கு இது பிடிக்கும். பிடில் வில்லில் பூட்டியிருப்பது குதிரை வால்மயிர். அந்த மயிர் வெறுமனே தந்தியில் வழுக்கிப் போகும், நாதம் எழாது. அதன்மேல் ரோசின் என்ற கட்டியைத் தேய்க்க வேண்டும். அது எங்கிருந்து வருகிறது? பைன் மரத்தின் பட்டையைச் சீவி, வடியும் பிசினைக் கலத்தில் பிடித்துக் காய்ச்சி எடுக்கிறார்கள். நம் ஆட்கள் பால்மரத்தைச் சீவி மங்கில் பால் பிடித்த அதே வேலை! உயர்ந்த வில்லுக்கு உரிய மரம் பிரேசில் நாட்டுக் காட்டு மரம். நம் ரப்பர் மரத்தின் தாய்நாடும் பிரேசில்தான். ஆகவே உலகப் பெருமேடையில் வாசிக்கும் கலைஞனின் கையிலும் ஏதோ ஒரு தொழிலாளி சீவிய மரத்தின் பிசின் இருக்கிறது.

மேலும், பிடிலில் எந்தச் சுரம் எங்கே என்று காட்டக் கித்தாரில் இருப்பதுபோல் கட்டைகள் கிடையாது. விரல் ஒரு நெல்லளவு விலகினாலும் சுருதி கெடும். காதுதான் வழிகாட்டி. பால்வெட்டிலும் அப்படித்தானே? கத்தி ஆழமாய்ப் போனால் மரத்துக்குக் காயம். மேலோடு போனால் பால் வராது. எவ்வளவு ஆழம் என்று யாரும் கோடு போட்டுக் கொடுக்க முடியாது. பழகப் பழகக் கை அறியும். அந்தப் பொறுமை நம் இரத்தத்தில் இல்லாத ஒன்றா?

நாம் என்ன செய்யலாம்?

சுப்பிரமணியத்துக்குக் குரு வீட்டிலேயே இருந்தார். நமக்கு அந்த வசதி இல்லை என்பது உண்மை. ஆகவே அவரைப்போல ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் நிலைக்கு ஏற்ற சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நேரம். நாள்தோறும் அரைமணி போதும். கைப்பேசியில் போகும் நேரத்தில் அது எத்தனை பங்கு என்று நீங்களே கணக்குப் பாருங்கள். பரீட்சை மாதத்தில் கால்மணியாகக் குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். வாரம் ஒருநாள் மூன்று மணி நேரம் வாசிப்பதைவிட நாளும் கொஞ்சம் வாசிப்பதே விரலில் நிற்கும்.

இரண்டாவது, கருவி. சிறு பிள்ளைக்குப் பெரிய பிடில் வாங்கிவிடாதீர்கள். முழு அளவு, முக்கால், அரை, கால் என்று பிள்ளையின் கைநீளத்துக்கு ஏற்றபடி பிடில்கள் உண்டு. ஆசிரியரிடம் காட்டி, அளந்து பார்த்து வாங்குங்கள். வளர்ந்த பிள்ளைகளின் சிறிய பிடில் யார் வீட்டிலாவது சும்மா கிடக்கும், கேட்டுப் பாருங்கள். பிடில்தான் என்றில்லை; ஆர்மோனியம், மிருதங்கம், உறுமி எதுவும் இசைதான்.

மூன்றாவது, குரு. 1981இல் கோலாலம்பூரில் தோன்றிய டெம்பிள் ஆப் பைன் ஆர்ட்ஸ் கலைக்கூடம் நம் நாட்டில் பலருக்குக் கர்நாடக இசையையும் நடனத்தையும் கற்பித்திருக்கிறது. அத்தனை தூரம் போக முடியாதவர்கள், ஐந்தாறு குடும்பங்களாகச் சேர்ந்து ஓர் ஆசிரியரை வாரம் ஒருமுறை கோயில் மண்டபத்துக்கு வரவழைக்கலாமே! செலவும் பங்காகும், பிள்ளைகளுக்குத் துணையும் கிடைக்கும். திருவிழாவுக்கு வாடகை ஒலிபெருக்கிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஆலய நிர்வாகம் இதற்கு ஒதுக்கினால், அதுவும் இறைத்தொண்டுதான்.

நான்காவது, படிப்பு. இசையையே தொழிலாகக் கொள்ள விரும்பும் பிள்ளைக்கும் எஸ்.பி.எம். வேண்டும். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இசைக்கல்வி கற்பிக்கிறார்கள். பள்ளி இசை ஆசிரியராக வர அது ஒரு வழி. வாசல்கள் உண்டு, ஆனால் சான்றிதழ் இல்லாதவனுக்கு அவை திறக்கமாட்டா.

ஐந்தாவதும் முக்கியமானதும் இதுதான்: பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். வில்லை எடுக்கும்போது முகம் மலர்கிறதா, வாடுகிறதா? விருந்தினர் வந்ததும் "வாசித்துக் காட்டு" என்று பொருட்காட்சி நடத்தாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். விருப்பமில்லாத பிள்ளையை விட்டுவிடுங்கள். அவனுக்குப் பந்து பிடிக்கலாம், படம் வரையப் பிடிக்கலாம். மிடோரியின் வேதனை நம் வீட்டுக்கு வேண்டாம்.

எல்லாப் பிள்ளையும் மேடைக் கலைஞன் ஆகப்போவதில்லை. நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் லாரி ஓட்டுவார்கள், தொழிற்சாலையில் நிற்பார்கள், தாதியாவார்கள், ஆசிரியராவார்கள். ஆனால் களைத்து வரும் ஒரு மாலையில், கதவைச் சாத்திக்கொண்டு, தனக்காகவே ஒரு ராகம் வாசிக்கத் தெரிந்த மனிதனை நினைத்துப் பாருங்கள். துக்கம் வந்தால் அவன் பாட்டிலைத் தேடிப் போக வேண்டியதில்லை. தனிமை வந்தால் அவன் கையில் ஒரு துணை இருக்கும். எந்த முதலாளியும் நோட்டீஸ் கொடுத்து வெளியேற்ற முடியாத வீடு அது.

அந்த வீட்டைக் கட்டிக்கொடுக்கப் பெரிய சம்பளம் வேண்டியதில்லை. உங்கள் அலமாரி மேலே ஏதாவது பெட்டி தூசி படிந்து கிடந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அதை இறக்குங்கள். துடைத்துப் புதுத் தந்தி கட்டிப் பிள்ளையின் கையில் கொடுங்கள். கணக்குப் புத்தகம் பக்கத்திலேயே இருக்கட்டும்.